ஏர் ரைஃபிளுக்கு உதிரி வாங்கும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துக்கான புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். சுடுகிற பெல்லட் 4.5 மி.மீ. தகுதிச் சுற்றிலும் இப்போது தசமப் புள்ளிகள்தான் கணக்கு. 10.4-க்கும் 10.5-க்கும் இடையே இருப்பது கால் மில்லிமீட்டர். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 700.5 எடுத்துத் தங்கம் வாங்கினார். வெள்ளி வாங்கிய சீனர் எடுத்தது 699.7. அந்த 0.8 புள்ளியை அட்டையில் அளந்தால் மொத்தமே 2 மில்லிமீட்டர்.

இந்தக் கணக்கு மண்டையில் ஏறியதும் புதியவர்களின் கை கேட்டலாக் பக்கம் போய்விடுகிறது. ஜெர்மனியிலிருந்து வரும் ஐரிஸ் (பின் சைட்டின் பார்க்கும் துளையைப் பெரிதும் சிறிதுமாக்கும் உறுப்பு), அலுமினியத்தில் கடைந்த பட் பிளேட் (தோளில் பதியும் பின்தகடு), மூன்று பக்கமும் திரும்பும் ட்ரிக்கர் பிளேடு (விரல் அழுத்தும் நாக்கு). எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனால் எதை முதலில் வாங்குவது, எதை வாங்கவே வேண்டாம் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. ரைஃபிள் உடலைத் தொடுகிற வரிசை அது: தோள், கன்னம், கை, விரல், கடைசியில் கண். தோளில் ரைஃபிள் சரியாக உட்காராதவருக்கு எந்த ஐரிஸும் உதவாது. ரேஞ்சில் நான் பார்க்கும் புதியவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கண்ணில் ஆரம்பித்துத் தோளுக்கு வருகிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் நின்று சுடும் 10 மீட்டர் பீப் சைட் ரைஃபிளுக்கு, அதாவது பின் சைட்டில் உள்ள சிறு துளை வழியே குறி பார்க்கும் வகைக்கு. பள்ளி, மாவட்டப் போட்டிகளில் ஓப்பன் சைட் பிரிவும் தனியாக உண்டு. அதில் சுடுபவர்கள் சைட் பற்றிய பகுதியை விட்டுவிடலாம். மற்றவை அவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கடைக்குப் போகும் முன்

முதலில் சட்டம். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. விற்பவர் அடையாளச் சான்று கேட்பார். கொடுத்துவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வெளியூர்ப் போட்டிக்கு எடுத்துப் போகும்போது அது தேவைப்படும். போட்டி ரைஃபிள்கள் வெளிவிடும் ஆற்றல் சுமார் 7.5 ஜூல்தான். அதற்கு மேல் ஏற்ற யாராவது ஸ்பிரிங், வால்வு, ரெகுலேட்டர் மாற்றித் தருகிறேன் என்றால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். 10 மீட்டர் இலக்கில் கூடுதல் வேகத்தால் ஒரு லாபமும் இல்லை. சட்டச் சிக்கலும் பழுதும்தான் மிச்சம். இந்தக் கட்டுரையில் காற்றைக் கையாளும் எந்த உறுப்பையும் நாம் தொடப்போவதில்லை.

அடுத்தது போட்டி விதி. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ரைஃபிள் அளவுகள் உள்ள பட்டியலை மட்டும் அச்செடுத்துப் பெட்டியில் வையுங்கள். சில எண்களை இப்போதே மனதில் வைக்கலாம். சைட்டோடு சேர்த்து மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. முன்கட்டையின் அடிப்பாகம் குழலின் மையக் கோட்டிலிருந்து 120 மி.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது. பட் பிளேட்டின் கீழ் நுனிக்கு அதே கணக்கில் 220 மி.மீ. கட்டைவிரல் நுழையும் துளை, உள்ளங்கைத் தாங்கி, ரச மட்டம் எல்லாம் இந்தப் பிரிவில் தடை. முன்கட்டையிலோ கிரிப்பிலோ பிடிமானத்தைக் கூட்டும் பொருள் எதையும் ஒட்டக் கூடாது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. எனவே வாங்கும் நேரத்தில் நடப்பில் உள்ள பதிப்பைப் பாருங்கள். ஐம்பது மீட்டர் ரைஃபிளுக்கென்று செய்த அழகான உதிரி ஒன்று உங்கள் ஏர் ரைஃபிளில் கச்சிதமாகப் பொருந்தலாம். ஆனால் உபகரணச் சோதனை மேசையில் அதைக் கழற்றச் சொல்வார்கள்.

மூன்றாவது, ரைஃபிளோடு வந்த கையேடு. பழைய ரைஃபிள் வாங்கியவர்களிடம் இது பெரும்பாலும் இருக்காது. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ், ஸ்டையர் எல்லாரும் தங்கள் தளத்தில் கையேடுகளை வைத்திருக்கிறார்கள். எந்தத் திருகு எதற்கு என்று தெரியாமல் அலன் கீயைக் கையில் எடுக்க வேண்டாம்.

இருப்பதை எழுதி வையுங்கள்

புதிய பொருள் எதையும் வாங்காமல் ரைஃபிளின் தற்போதைய நிலையை முதலில் பதிவு செய்யுங்கள். பட் பிளேட் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு நீளத்தில்? சீக் பீஸ் (கன்னம் பதியும் கட்டை) எந்தக் கோட்டில்? சைட்டின் திருகில் எத்தனை கிளிக்? பெரும்பாலான போட்டி ரைஃபிள்களில் உலோகத் தண்டுகளில் மி.மீ. அளவுகோல் பொறித்திருக்கும். இல்லாத இடத்தில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள்.

இதைச் சலிப்பான வேலை என்று தள்ளிவிடுபவர்கள் அதிகம். ஆனால் ஒரு மாற்றம் கெடுதலாக முடிந்தால் பழைய இடத்துக்குத் திரும்பும் வழி இந்த நோட்டில்தான் இருக்கிறது. இரண்டு அமைப்புகளை ஒரே நாளில் மாற்றிவிட்டுக் குரூப்பிங் (குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கி விழுவது) கெட்டுப்போனால் எதனால் கெட்டது என்று கடவுளுக்கே தெரியாது. ஒரு மாற்றம், அப்புறம் சில பயிற்சி நாள்கள், அப்புறம்தான் அடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதைய நடுத்தர விலை ரைஃபிள்களிலேயே பட் பிளேட், சீக் பீஸ், ட்ரிக்கர் பிளேடு மூன்றும் நகரும். இருக்கும் திருகுகளை முழு எல்லை வரை நகர்த்திப் பார்த்து, "இன்னும் இவ்வளவு வேண்டும், ஆனால் இதற்கு மேல் போகவில்லை" என்று சொல்லும் நிலை வந்தால்தான் புதிய உதிரிக்குக் காரணம் இருக்கிறது. அந்த நிலை வராமல் வாங்குவது ஆசைக்கு வாங்குவது. தப்பில்லை, ஆனால் அதைத் தேவை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

தோள்: பட் பிளேட்

எல்லாவற்றுக்கும் முன்னால் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். டி-ஷர்ட்டில் அளந்த நீளம் ஜாக்கெட்டின் தடிமனுக்கு முன் பொய்யாகிவிடும்.

நீளத்துக்கு ஒரு தொடக்க அளவு: கிரிப்பைப் பிடித்து, விரலை ட்ரிக்கர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், முழங்கையை மடக்கினால் பட் பிளேட் முழங்கையின் உட்பக்கத்தை ஒட்டி, ஒரு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். இது தொடக்கம் மட்டுமே. நீளம் அதிகமானால் வலது தோள் பின்னால் தள்ளப்பட்டு மேலுடல் முறுக்கும். குறைந்தால் கண் சைட்டில் இடிக்க வரும், ட்ரிக்கர் கை நெருக்கடியில் மடங்கும்.

உயரத்தைச் சோதிக்க ரேஞ்சில் எல்லாரும் செய்யும் ஒரு வழி இருக்கிறது. பெல்லட் போடாமல், குழலின் துளையில் பாதுகாப்புக் கொடி (குண்டு இல்லை என்று காட்டும் நிற நாடா) இருக்கும் நிலையில், இலக்கைப் பார்த்து நின்று பொசிஷன் எடுங்கள். கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். உடல் தளரட்டும். கண்ணைத் திறங்கள். ரைஃபிள் இலக்குக்கு இடப்புறமோ வலப்புறமோ நின்றால் அது பாதங்களின் வேலை; ரைஃபிளைத் தொட வேண்டாம். இலக்குக்கு மேலே நின்றால் பட் பிளேட்டைக் கொஞ்சம் இறக்குங்கள், கீழே நின்றால் ஏற்றுங்கள். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். பட் பிளேட் இறங்கினால் ரைஃபிளின் பின்பக்கம் தோளில் உயர்கிறது, அதனால் முனை தாழ்கிறது. ஒருமுறை செய்து பார்த்தால் புரிந்துவிடும்.

இந்தச் சோதனையில் பட் பிளேட் அதன் தண்டின் எல்லையில் முட்டிக்கொண்டு நின்றால், அல்லது அதன் வளைவு உங்கள் தோளின் சரிவோடு சேராமல் ஒரு முனை மட்டும் அழுத்தினால், மாற்று பட் பிளேட் பார்க்கலாம். எம்.இ.சி., டெக்-ஹ்ரோ போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. வாங்கும்போது எத்தனை திசையில் நகரும் என்பதை விட, நகர்த்திய பிறகு அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஏழெட்டுத் திருகு உள்ள பட் பிளேட்டில் ஏழெட்டு இடம் தளரும். கைவினைப் பொருள் போல மின்னும் ஒன்றைவிட, மேல் கீழ், முன் பின், ஒரு சாய்வு என்று மூன்றே அசைவுள்ள கனமான சாதாரணப் பிளேட் புதியவருக்கு நல்லது என்பது என் கருத்து. வளரும் பிள்ளைகளுக்கு நீளத்தில் அதிக தூரம் நகரும் பிளேட் வாங்குங்கள். ஆறு மாதத்தில் கை நீண்டுவிடும்.

கன்னமும் சைட்டின் உயரமும்

சீக் பீஸ் தலையைத் தாங்குவதற்கு. தலையை இழுப்பதற்கு அல்ல. தலை நேராக நிற்க வேண்டும், கழுத்து முன்னால் நீளக் கூடாது. சாய்ந்த தலையோடு நிற்பவருக்கு உடலின் சமநிலையே கெடும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குத் தலை நேராக இருந்தால்தான் வசதி.

எனவே முதலில் தலையை நேராக வைத்து, ரைஃபிளைத் தலைக்குக் கொண்டுவாருங்கள். கன்னத்தை இயல்பாக வைத்து முகத் தசைகளைத் தளரவிடுங்கள். பீப் துளை வழியே பார்க்கும்போது முன் சைட்டின் குழாய் துளையின் நடுவே வட்டத்துக்குள் வட்டமாக நிற்கிறதா? முன் குழாய் அடியில் தொங்கினால் கண் தாழ்ந்திருக்கிறது. சீக் பீஸை உயர்த்துங்கள். மேலே ஏறி நின்றால் இறக்குங்கள். பக்கவாட்டில் நகர்ந்து நின்றால் சீக் பீஸின் தடிமனை மாற்ற வேண்டும். கன்னத்தை அழுத்தினால்தான் நடுவே வருகிறது என்றால் இன்னும் அமைப்பு முடியவில்லை. அறுபது குண்டில் ஐம்பதாவதுக்கு அந்த அழுத்தம் நிச்சயம் மாறிவிடும்.

கழுத்து நீளமானவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை. சீக் பீஸ் எவ்வளவு உயர்ந்தாலும் சைட் தாழ்வாகவே இருக்கும், தலை குனிந்துகொண்டே இருக்கும். அவர்கள் வாங்க வேண்டியது புது சீக் பீஸ் இல்லை. சைட்டின் அடியில் வைக்கும் உயர்த்தும் பிளாக். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே உயரத்தில் ஜோடியாக வாங்குங்கள். இதன் விலை குறைவு, பலன் பெரிது. முதல் உதிரியாக நான் யாருக்காவது ஒன்றைச் சொல்வேன் என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன்.

சீக் பீஸ் எந்தப் பொருளில் இருக்கலாம்? மரம், பிளாஸ்டிக், ரப்பர் பூச்சு எல்லாம் உண்டு. சென்னை போன்ற ஊரில், குளிர்சாதனம் இல்லாத ரேஞ்சில், பத்தாவது நிமிடத்தில் கன்னம் வேர்க்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் முகம் வழுக்கும்; மரம் பரவாயில்லை.

கிரிப்பும் முன்கட்டையும்

கிரிப்பில் பார்க்க வேண்டியது ஒன்றே: ஆள்காட்டி விரலின் முதல் கணு வரையிலான சதைப் பகுதி ட்ரிக்கரில் நேராக, செங்கோணத்தில் விழ வேண்டும், விரலின் மற்றப் பகுதி கட்டையைத் தொடக் கூடாது. விரலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு அட்டை நுழைகிறதா என்று பாருங்கள். விரல் கட்டையை உரசிக்கொண்டு இழுத்தால் ரைஃபிள் ஒவ்வொரு குண்டுக்கும் பக்கவாட்டில் நெளியும்.

கை சிறியவர்களுக்கு எஸ் அளவு கிரிப், பெரியவர்களுக்கு எல். ரிங்க், மொரினி போன்றவர்கள் மரத்தில் உடற்கூற்று வடிவ கிரிப் செய்கிறார்கள். இடக்கைக்காரர்கள் ஆர்டர் போடும் முன் இரண்டு முறை சரிபாருங்கள். தவறான கை வந்து, திருப்பி அனுப்பும் செலவு பொருள் விலையைத் தாண்டிய கதைகள் உண்டு. கிரிப்பை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று கேட்பவர்களுக்கு: கை குலுக்கும் அளவுக்கு. ஒரு முறை முடிவு செய்தால் எல்லாக் குண்டுக்கும் அதே அளவு.

முன்கட்டையின் கீழே இடது கை நிற்கும் இடத்தில் உயர்த்தும் துண்டு போடுபவர்கள் உண்டு. இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்போது ரைஃபிள் கண்ணுக்கு எட்டவில்லை என்றால் அது வேண்டும். கை நீளமானவர்களுக்குத் தேவையில்லை. மறக்க வேண்டாம், 120 மி.மீ. எல்லை துண்டையும் சேர்த்துத்தான்.

விரல்: ட்ரிக்கர்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் செலவழிக்கிறார்கள், அதிகம் கெடுத்தும் விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

போட்டி ஏர் ரைஃபிளின் ட்ரிக்கருக்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் விரலுக்கு எதிராக ஒரு மெல்லிய ஸ்பிரிங் மட்டும். இழுத்துக்கொண்டே வந்தால் ஒரு சுவரில் முட்டுவது தெரியும். அந்தச் சுவரில் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் குண்டு போகும். ஏர் ரைஃபிளில் ட்ரிக்கர் எடைக்குக் குறைந்தபட்ச எல்லை கிடையாது. ஏர் பிஸ்டலில் 500 கிராம் என்று உண்டு. ஏர் ரைஃபிளில் செட் ட்ரிக்கர் (முன்கூட்டியே ஏற்றிவைத்து, லேசாகத் தொட்டாலே விடுபடும் வகை) மட்டும் தடை. மொத்தம் 100 கிராமுக்கு அருகே வைத்துச் சுடுபவர்கள் நிறையப் பேர்.

திருகும் வரிசை முக்கியம்.

முதலில் பிளேடின் இடம். மேலே சொன்ன செங்கோணம் வரும் வரை பிளேடை முன்னும் பின்னும் நகர்த்துங்கள், சாய்வை மாற்றுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். பிளேடை நெம்புகோலில் மேலே கீழே நகர்த்தினால் விரலுக்குத் தெரியும் எடையும் மாறும். அதனால்தான் இடத்தை முதலில் முடித்துவிட வேண்டும்.

அடுத்து முதல் கட்டத்தின் நீளம். புதியவர்களுக்கு இது தாராளமாக இருக்கட்டும். சுவரை விரல் தெளிவாக உணர வேண்டும்.

பிறகு எடைகள். முதல் கட்டம் இரண்டாவதைவிடக் கனமாக இருந்தால் நல்லது. சுவருக்கு வந்து சேர்ந்த விரல் அங்கே நம்பிக்கையோடு காத்திருக்கும். மொத்தத்தையும் குறைத்துக்கொண்டே போனால் சுவர் எங்கே என்று விரலுக்கே தெரியாமல் குண்டு போய்விடும். பயிற்சியின் ஆரம்பத்தில் 120, 130 கிராமில் வைத்து, விரல் பழகப் பழகக் குறைப்பதே புத்திசாலித்தனம். அளப்பதற்கு ட்ரிக்கர் கேஜ் வாங்குங்கள். பிளேடை மாற்றுவதை விட அது முக்கியமான செலவு. கேஜின் கொக்கி விரல் விழும் அதே புள்ளியில் இருக்க வேண்டும்.

கடைசியில் ட்ரிக்கர் ஸ்டாப், அதாவது குண்டு போன பிறகு பிளேடு எவ்வளவு தூரம் போகும் என்பது. இதை முழுக்க அடைத்துவிடாதீர்கள். ஒரு இழை அளவு இடம் விடுங்கள், இல்லாவிட்டால் வெப்பத்திலோ தூசியிலோ ஒருநாள் ட்ரிக்கர் விடுபடாமல் நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் பாதுகாப்புச் சோதனை. டிரை ஃபயர் நிலையில் (காற்று வெளியேறாமல் ட்ரிக்கர் மட்டும் இயங்கும் நிலை), பெல்லட் இல்லாமல், முனை இலக்குப் பக்கம் இருக்க, காக் செய்து (சுடத் தயாராக ஏற்றி) கட்டையின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள். தானாக விடுபட்டால் இரண்டாம் கட்டப் பிடிப்பு மிகக் குறைவு. கையேட்டில் சொன்ன தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்புங்கள். ட்ரிக்கர் பெட்டியைத் திறந்து உள்ளே உள்ள உலோக விளிம்புகளைத் தேய்ப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் நம் வேலையே இல்லை. ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொடுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் தொழிற்சாலை பிளேடு உங்கள் விரலுக்குச் சேரவில்லை என்றால் மாற்றுப் பிளேடு பாருங்கள். வளைந்த பிளேடு விரலை ஒரே இடத்தில் உட்கார வைக்கும். தட்டையானது விரலை மேலும் கீழும் அலைய விடும், ஆனால் நேரான இழுப்பைக் கற்றுத்தரும். தடுமாறும் விரலுக்கு வளைந்தது, பழகிய விரலுக்குத் தட்டையானது என்பது என் அனுபவம். மறுப்பவர்களும் ரேஞ்சில் இருக்கிறார்கள். எலக்ட்ரானிக் ட்ரிக்கர் உள்ள மாடல்களும் விற்கின்றன. அருமையான பொருள். ஆனால் முதல் இரண்டு வருடத்துக்கு அந்தப் பணத்தைப் பெல்லட்டில் போடுங்கள்.

கண்: சைட்

பின் சைட்டில் மாற்றக்கூடியது ஐரிஸ், முன் சைட்டில் வளையம். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, கஷ்டமானது இல்லை.

இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. விட்டம், 10 மீட்டர் தூரத்தில். உங்கள் முன் சைட் கண்ணிலிருந்து சுமார் 90 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைப்போம். அந்த இடத்தில் கறுப்பு வட்டம் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? 30.5-ஐ 0.9-ஆல் பெருக்கிப் பத்தால் வகுங்கள்: 2.75 மி.மீ. இப்போது 3.2 மி.மீ. வளையம் போட்டால் கறுப்பைச் சுற்றி இரு பக்கமும் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான வெள்ளைதான் மிஞ்சும். அந்த மெல்லிய வெள்ளை நடுக்கத்தை எல்லாம் பூதாகரமாகக் காட்டும்; பயந்துபோய் விரல் ட்ரிக்கரைப் பறிக்கும். 4.2 போட்டால் இரு பக்கமும் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வெள்ளை. கண் அமைதியாகும். நடுவே நிறுத்துவது கண்ணுக்கு இயல்பான வேலை, அதை அதன் போக்கில் விடலாம். ஆகவே புதியவர்களுக்குப் பெரிய வளையம்: 4-லிருந்து 4.6 வரை முயலுங்கள். வளையம் திருகித் திருகி அளவு மாறும் வகையும் விற்கிறது. அதை வாங்கினால் தனித்தனி வளையங்கள் வாங்க வேண்டாம்.

பின் ஐரிஸுக்கு வரலாம். துளை சிறுத்தால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும். பலரும் 1.0-க்கும் 1.4 மி.மீ.க்கும் இடையே நிற்கிறார்கள். தெளிவு பிடிக்கிறது என்று துளையைச் சிறுத்துக்கொண்டே போனால் காட்சி இருண்டு, கண் சீக்கிரம் களைக்கும். நம் ஊரில் ரேஞ்சுக்கு ரேஞ்ச் வெளிச்சம் மாறும். ஓரிடத்தில் பளிச்சென்ற எல்.இ.டி., இன்னோரிடத்தில் மங்கிய டியூப் லைட். அதனால் அளவு மாறும் ஐரிஸ் இங்கே உண்மையிலேயே பயன்படும். சென்ட்ரா, கெமன் என்ற இரண்டு ஜெர்மன் பெயர்களைத்தான் எங்கும் கேட்பீர்கள். நிறக் கண்ணாடி வடிகட்டிகள் கூடுதல் விலைக்கு வரும், முதலில் வேண்டாம்.

பார்வைக் குறை உள்ளவர்கள் கவனிக்க: உருப்பெருக்கும் லென்ஸ் தடை. பார்வையைத் திருத்தும் ஒற்றை லென்ஸைப் பின் சைட்டில் பொருத்தவோ கண்ணாடி அணியவோ விதி இடம் தருகிறது. கண் மருத்துவரிடம் போகும்போது, முன் சைட் இருக்கும் தூரத்தைச் சொல்லி அதற்கேற்பச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மறு கண்ணை மூடிச் சுடுபவர்கள் சைட்டில் மாட்டும் மறைப்புத் துண்டு போட்டுக்கொள்ளலாம். உயரம் 30 மி.மீ., பீப் துளையின் நடுவிலிருந்து நீளம் 100 மி.மீ., அதற்கு மேல் கூடாது. வெள்ளை நிறத்தில் போடுங்கள். கறுப்பு போட்டால் மூடிய பக்கத்துக் கண்ணின் பாவை விரிந்து மறுகண்ணையும் இழுக்கும். விலைக்கு வாங்கவும் வேண்டாம், பழைய ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டினால் போதும்.

சைட் கிளிக் எவ்வளவு நகர்த்துகிறது என்பதைப் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் அளந்து கொள்ளுங்கள். ஐந்து குண்டு சுட்டு, பத்து கிளிக் வலப்புறம் திருப்பி, அதே புள்ளியைப் பார்த்து மீண்டும் ஐந்து. இரண்டு கூட்டத்தின் நடுவே உள்ள தூரத்தைப் பத்தால் வகுங்கள். அந்த எண்ணைக் கால் மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால் ஒரு கிளிக்குக்கு எத்தனை தசமப் புள்ளி என்று தெரிந்துவிடும்.

எடையும் சில்லறையும்

முனையில் மாட்டும் எடைகள் ரைஃபிளின் ஆட்டத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் தசை பலமில்லாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எடை கூட்டினால் முதுகு வளைந்துவிடும். எடையைக் கூட்டும் முன் ரைஃபிளின் ஈர்ப்பு மையம் இடது கையின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் கனமாக இருந்தால் முன்னால் ஐம்பது கிராம் போதும். நீட்டிய காக்கிங் குமிழ், வண்ண வண்ணத் திருகுகள் எல்லாம் பார்வைக்கு.

பொருந்துமா என்று எப்படித் தெரியும்?

விற்பவரிடம் "என் ரைஃபிளுக்கு வருமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வரும் என்றுதான் சொல்வார். மாடல் பெயர், தயாரிப்பு ஆண்டு, எந்தக் கைக்கு என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். சைட் உட்காரும் வெட்டு போட்டி ஏர் ரைஃபிள்களில் பொதுவாக 11 மி.மீ., அதில் பிரச்சினை வருவது அரிது. பின் ஐரிஸின் மரை பெரும்பாலும் 9.5 மி.மீ. முன் சைட்டின் குழாய்தான் குழப்பும்: 18 மி.மீ., 22 மி.மீ. என இரண்டு அளவுகள் உண்டு. ஒன்றின் வளையம் மற்றதில் உட்காராது. பட் பிளேட்டின் தண்டும் ட்ரிக்கர் பிளேடும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. வால்தருடையது ஃபைன்வெர்க்பாவில் மாட்டாது.

பழைய உதிரி வாங்கலாமா? தாராளமாக. சீனியர்கள் ரைஃபிள் மாற்றும்போது நல்ல பட் பிளேட்டும் ஐரிஸும் பாதி விலைக்கு வரும். கையில் வாங்கி ஐரிஸை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். இதழ்கள் சிக்கினால் வேண்டாம். சைட்டை ஒரு திசையில் பத்து கிளிக், திரும்ப பத்து கிளிக் திருப்பிச் சுட்டுப் பாருங்கள், அதே இடத்துக்கு வருகிறதா என்று. காற்று சிலிண்டரை மட்டும் பழையதாக வாங்கும்போது மேலே பொறித்த தேதியைப் படியுங்கள். பத்து வருடம் தாண்டியதைத் தயாரிப்பாளரே பயன்படுத்த வேண்டாம் என்கிறார். காலாவதியான சிலிண்டருக்குச் சுடுபவரே பொறுப்பு.

மாட்டிய பிறகு

சரி, பொருள் வந்துவிட்டது, மாட்டியாயிற்று. முதல் நாள் குண்டு போடாதீர்கள். முப்பது நாற்பது டிரை ஷாட் மட்டும். அதில் ஏதாவது அசைகிறதா, உரசுகிறதா என்று தெரியும். அடுத்த நாள் பெல்லட் போட்டுச் சுட்டு, ஸ்கோரைப் பார்க்காமல் குரூப்பிங்கைப் பாருங்கள். குரூப் இறுகி வேறிடத்தில் விழுந்தால் வெற்றி, சைட்டைத் திருப்பினால் முடிந்தது. குரூப் விரிந்தால் நோட்டைத் திறந்து பழைய எண்ணுக்குத் திரும்புங்கள்.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் திருகுகளை மறக்க வேண்டாம். உப்புக் காற்றும் கை வேர்வையும் சேர்ந்து சின்ன அலன் திருகுகளை ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும். சுட்டு முடித்ததும் துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திருகுத் தலைகளைத் தடவுங்கள். ரைஃபிளின் மேலேயே எண்ணெயை ஊற்ற வேண்டாம், ட்ரிக்கருக்குள் இறங்கிவிடும்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் எதையும் மாற்றாதீர்கள். உபகரணச் சோதனைக்குப் போகும்போது எல்லா உதிரியும் மாட்டிய நிலையில் ரைஃபிளை எடுத்துச் செல்லுங்கள். சோதனை முடிந்து ஒப்புதல் வாங்கிய பிறகு விதிக்குப் புறம்பாக எதையாவது மாட்டினால் அந்த ஒப்புதல் செல்லாது. பெட்டியில் அளவுப் பட்டியல், அலன் கீ செட், ஒரு மாற்று முன் வளையம், பாதுகாப்புக் கொடி, பழைய அமைப்பு எழுதிய நோட்டு. ஐரிஸின் மூடியைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள். போட்டி அரங்கில் தொலைவதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சின்ன ரப்பர் மூடிதான்.